அவனுக்கு மட்டும் எப்படி சீட் கிடைச்சது?

போன சனிக்கிழமை அண்ணாச்சி வீட்டில் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தோம். டிவியில் ஒரு குவார்ட்டர்பேக்கின், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவனின், படத்தைப் போட்டு உயரம், எடை, சொந்த ஊர் எல்லாம் காட்டினார்கள். எத்தனையாவது வருஷம் படிக்கிறான் என்கிற இடத்தில் "கிராஜுவேட்" என்று இருந்தது, அதாவது மேற்படிப்பு மாணவன். அண்ணாச்சிக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. கையிலிருந்த முறுக்கைத் தட்டில் போட்டுவிட்டு, "ஏல, நான் ஜி.ஆர்.இ. ரெண்டு தடவ எழுதினேன். மூணு வாத்தியார் வீட்டு வாசல்ல நின்னு சிபாரிசுக் கடிதம் வாங்கினேன். இவன் போன வருஷம் வேற காலேஜ்ல ஆடிக்கிட்டு இருந்தான், இப்ப இங்க வந்து மாஸ்டர்ஸ் படிக்கானாம். இவனுக்கு மட்டும் எப்படில சீட் கெடச்சது?" என்றார்.

நியாயமான கேள்விதான். நானும் ரொம்ப நாள் இதையே கேட்டுக்கொண்டிருந்தவன். அப்புறம் இந்த மாதிரிப் பையன் ஒருவனுடைய ஹோம்வொர்க்கை ஒரு செமஸ்டர் முழுக்கத் திருத்த நேர்ந்தது, அதிலிருந்து என் கோபம் வேறு பக்கம் திரும்பிவிட்டது. அன்றைக்கு அண்ணாச்சியிடம் பாதிதான் சொல்ல முடிந்தது, நடுவில் டச்டவுன் (நம் ஊர் கோல் மாதிரி) வந்துவிட்டது. மிச்சம் இங்கே.

ஃபுட்பால் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. நான் சொல்வது ஹெல்மெட் போட்டுக்கொண்டு முட்டி மோதுகிற அமெரிக்க ஃபுட்பால். கல்லூரி விளையாட்டை நடத்துகிற என்.சி.ஏ.ஏ. வைத்திருந்த கணக்குப்படி, ஒரு மாணவனுக்கு 5 வருஷத்துக்குள் 4 சீசன் ஆட உரிமை. நிறையப் பேரை முதல் வருஷம் ஆடவிடாமல் உட்காரவைத்து உடம்பைத் தேற்றுவார்கள், அதற்கு ரெட்ஷர்ட் என்று பெயர். ஆடாவிட்டாலும் வகுப்பு உண்டு. கோடை விடுமுறையிலும் பயிற்சிக்காக ஊரிலேயே தங்க வேண்டியிருப்பதால் அப்போதும் இரண்டு பாடம் எடுத்துவிடுவான். இப்படியே போனால் மூன்றரை, நாலு வருஷத்தில் பட்டம் கைக்கு வந்துவிடும், ஆட்டம் மட்டும் ஒரு சீசன் பாக்கி நிற்கும். அந்தப் பாக்கியை ஆட வேண்டுமென்றால் எங்கேயாவது மாணவனாக இருந்தாக வேண்டும், அதாவது பெரும்பாலும் மாஸ்டர்ஸ் சேர வேண்டும்.

அதே காலேஜில் சேர்ந்தால் யாரும் கண்டுகொள்வதில்லை, வேறு காலேஜுக்குப் போனால்தான் வம்பு. அந்தக் காலத்தில் இளங்கலை படிக்கும்போது டீம் மாறினால் ஒரு வருஷம் பெஞ்சில் சும்மா உட்கார வேண்டும் என்பது விதி. பட்டம் வாங்கியவனுக்கு அது வேண்டாமே, ஒழுங்காகப் படித்து முடித்ததற்கு ஒரு பரிசாக இருக்கட்டுமே என்று 2006ல் என்.சி.ஏ.ஏ. கதவைத் திறந்துவிட்டது. யூட்டாவில் மூன்றே வருஷத்தில் பட்டம் முடித்த ரயன் ஸ்மித் என்கிற கார்னர்பேக் (தடுப்பாட்டக்காரர்) உடனே ஃப்ளோரிடாவுக்குப் போனார். யூட்டாவில் அவருக்குக் கோச்சாக இருந்த அர்பன் மயர் அப்போது ஃப்ளோரிடாவில். அந்த சீசனில் ஸ்மித், எதிரணி எறிந்த பந்தை நடுவில் பறிக்கிற இன்டர்செப்ஷன் 8 பிடித்தார், ஃப்ளோரிடா தேசிய சாம்பியன் ஆனது. அவ்வளவுதான், 2007 ஜனவரியில் மற்ற பல்கலைக்கழகங்கள் சேர்ந்து வோட்டுப் போட்டு அந்த விதியைத் தூக்கிவிட்டன. விதி ஒரு வருஷம்கூட முழுசாக வாழவில்லை.

தூக்கினாலும் ஒரு சந்து விட்டுவைத்தார்கள். உன்னுடைய பழைய பல்கலையில் இல்லாத மேற்படிப்பு புதிய பல்கலையில் இருந்து, அதைப் படிக்கத்தான் போகிறேன் என்று சொன்னால், விலக்குக் கேட்டு விண்ணப்பிக்கலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் என்ன ஆனது என்றால், குவார்ட்டர்பேக் தேவைப்படுகிற கோச் முதலில் பையனைப் பிடிப்பார், அப்புறம் யாராவது ஒருத்தர் இரண்டு பல்கலைகளின் பாடப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அங்கே இல்லாமல் இங்கே இருக்கிற படிப்பு எது என்று தேடுவார். பையனுக்கு அதில் ஆர்வம் உண்டா என்பது கடைசியில் வருகிற கேள்வி. பெண்ணைப் பார்த்து முடிவு செய்துவிட்டு ஜாதகத்தைப் பொருந்த வைப்பது போல.

இதற்கு எல்லோரும் சொல்கிற உதாரணம் ஜெரமையா மசோலி. 2010 புத்தாண்டு அன்று ஆரிகனை ரோஸ் பௌல் என்கிற பெரிய மேட்ச் வரை கொண்டுபோன குவார்ட்டர்பேக். அதே மாதம் ஒரு ஃப்ரட்டர்னிட்டி (மாணவர் சங்கம்) வீட்டிலிருந்து லேப்டாப் திருடு போன வழக்கில் மாட்டி, பின்னால் குற்றத்தை ஒப்புக்கொண்டார், ஆரிகன் அந்த சீசனுக்கு அவரை சஸ்பெண்ட் செய்தது. ஜூனில் இன்னொரு சிக்கல், டீமிலிருந்தே நீக்கிவிட்டார்கள். ஆனால் பட்டம் வாங்கியிருந்தார், ஒரு சீசன் பாக்கி. மிசிசிப்பியில் இருக்கிற ஓல் மிஸ் அவரை எடுத்துக்கொண்டது. எதில் மாஸ்டர்ஸ்? பூங்கா, பொழுதுபோக்கு நிர்வாகம். ஆரிகனில் அது இல்லை.

என்.சி.ஏ.ஏ. ஆகஸ்ட் 31 அன்று முடியாது என்றது. இந்த விலக்கு படிப்புக்காக வைத்தது, ஒழுங்கு நடவடிக்கையிலிருந்து தப்பிப்பதற்காக இல்லை என்று காரணம் சொன்னார்கள். ஓல் மிஸ் மேல்முறையீடு செய்தது. செப்டம்பர் 3 அன்று, முதல் மேட்சுக்கு முந்தின நாள், முடிவு மாறியது, ஆடலாம். மறுநாள் ஓல் மிஸ் தன் சொந்த மைதானத்தில் ஜாக்சன்வில் ஸ்டேட் என்கிற, அப்போது ஒரு படி கீழே இருந்த டீமிடம் இரண்டு ஓவர்டைம் போய் 49-48 என்று தோற்றது. வருஷம் முடியும்போது 4 வெற்றி, 8 தோல்வி. பூங்கா நிர்வாகத்தை நாடே ஒரு மாதம் கேலி செய்தது. எனக்கு அந்தக் கேலியில் உடன்பாடில்லை. அமெரிக்காவில் தேசியப் பூங்காக்களையும் நகரப் பூங்காக்களையும் நடத்துவது லேசான வேலை இல்லை, அதைப் படித்துவிட்டு அதே துறையில் வாழ்நாள் முழுக்க வேலை பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். கேலிக்கு ஆளானது அந்தப் படிப்பு, தப்பித்துக்கொண்டது அந்தச் சேர்க்கையில் கையெழுத்துப் போட்டவர்கள்.

மறு வருஷமே இதன் எதிர்ப்பக்கம் நடந்தது. ரஸல் வில்சன் நார்த் கரோலைனா ஸ்டேட்டில் மூன்று வருஷத்தில் பட்டம் முடித்து, கோடையில் பேஸ்பாலும் ஆடிக்கொண்டிருந்தார். இவர் பேஸ்பாலை விடமாட்டார் போலிருக்கிறதே என்று அங்கே கோச் விடுவித்துவிட்டார். 2011ல் விஸ்கான்சின் போனார், அங்கே கல்வியியல் துறையில் மாஸ்டர்ஸ் சேர்ந்தார், வந்து சில வாரங்களில் கேப்டன், 33 டச்டவுன் பாஸ், பறிகொடுத்தது 4 இன்டர்செப்ஷன்தான், பிக் டென் என்கிற லீக்கின் சாம்பியன், ரோஸ் பௌல். அதற்கப்புறம் இந்தச் சந்து ராஜபாட்டை ஆகிவிட்டது. வில்சன் மாதிரி ஒருத்தன் நமக்கும் கிடைக்க மாட்டானா என்று எல்லா கோச்சும் பட்டமளிப்பு விழாப் பட்டியலைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

சரி, சீட் எப்படிக் கிடைக்கிறது?

அண்ணாச்சியும் நானும் ஊரில் இருந்தபோது அமெரிக்க அட்மிஷன் என்றால் ஒரே ஒரு பெரிய வாசல், அதில் ஒரு பெரிய வாட்ச்மேன் என்றுதான் நினைத்தோம். என் டிரான்ஸ்கிரிப்டைச் சீல் வைத்த கவரில் வாங்குவதற்கு நான் படித்த பல்கலையின் தேர்வுப் பிரிவுக்கு நாலு தடவை நடந்தேன். நாலாவது தடவை கவர் கிடைத்தது, சீல் வைக்கிற அரக்கு இல்லை, தீர்ந்துவிட்டது, வெளியே போய் வாங்கிக்கொண்டு வா என்றார்கள். அந்த அரக்கு வாசனையோடு வந்தவனுக்கு, ஒருத்தன் ஜூலையில் பேசி ஆகஸ்டில் சேர்ந்தான் என்று கேட்டால் வயிறு எரியத்தானே செய்யும்.

இங்கே வந்து பார்த்தால் வாசல் ஒன்றில்லை, டிபார்ட்மென்டுக்கு ஒன்று. கிராஜுவேட் ஸ்கூல் என்று மேலே ஒரு அலுவலகம் இருக்கும், அவர்கள் பெரும்பாலும் கேட்பது அங்கீகாரம் பெற்ற இளங்கலைப் பட்டம், 4க்கு 3.0 சராசரி. உள்ளே விடுவதா வேண்டாமா என்பதை டிபார்ட்மென்ட் தான் தீர்மானிக்கும். பிஎச்.டி. என்றால் டிசம்பரிலேயே கதவை மூடிவிடுவார்கள், ஒவ்வொரு இடத்துக்கும் பத்திருபது பேர் மோதுவார்கள், ஏனென்றால் அங்கே பல்கலைதான் மாணவனுக்குப் பணம் கொடுக்கிறது. வகுப்பு எடுத்துவிட்டுப் போகிற மாதிரியான மாஸ்டர்ஸ் வேறு உலகம். அங்கே மாணவன் பணம் கட்டுகிறான், இடம் காலியாக இருந்தால் கோடை முடியும் வரைக்கும் விண்ணப்பம் வாங்குகிற துறைகள் உண்டு, ஜி.ஆர்.இ. கேட்காத துறைகள் ஏராளம். சராசரி கொஞ்சம் குறைந்தால் நிபந்தனையோடு சேர்த்துக்கொள்வார்கள், முதல் செமஸ்டரில் பி வாங்கு, அப்புறம் பார்க்கலாம் என்று. ஃபுட்பால்காரனுக்காக உண்டாக்கிய வழி இல்லை இது. பகலில் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்துவிட்டுச் சாயங்காலம் படிக்க வருகிற டீச்சருக்கும் இதே வழிதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், சொன்னால் அடிக்க வருவீர்கள். நம் ஆட்களில் எத்தனை பேர் இப்படித்தான் வந்திருக்கிறோம்? முழு ஃபீஸ் கட்டுகிறேன் என்று சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு விசாவுக்கு வேண்டிய ஐ-20 அனுப்புகிற மாஸ்டர்ஸ் படிப்புகள் அமெரிக்கா முழுக்க இருக்கின்றன, அதில் சேர்ந்து இன்று நல்ல வேலையில் இருக்கிறவர்கள் இதைப் படிக்கிறவர்களிலேயே இருப்பீர்கள். நமக்கு வாசல் அகலமாக இருந்தபோது வாட்ச்மேனைக் குறை சொன்னோமா என்ன.

அந்த ஹோம்வொர்க் விஷயத்துக்கு வருகிறேன். 2016 இலையுதிர் செமஸ்டர். நான் ஒரு பெரிய மாநிலப் பல்கலையில் புள்ளியியல் படித்துக்கொண்டிருந்தேன், பெயர் வேண்டாம். வாரம் 20 மணி நேர வேலையாக, கல்வியியல் துறை மாஸ்டர்ஸ் மாணவர்களுக்கான புள்ளியியல் வகுப்புக்குக் கிரேடர், அதாவது ஹோம்வொர்க் திருத்துகிறவன். அண்ணாச்சி அதே பாடத்தை முந்தின வருஷம், சுலபமாக இருக்கும் என்று நம்பி, விருப்பப் பாடமாக எடுத்திருந்தார். வகுப்பு செவ்வாய்க்கிழமை சாயங்காலம். பாதிப் பேர் பள்ளிக்கூட ஆசிரியர்கள், ஒரு துணைத் தலைமை ஆசிரியரும் உண்டு, ஏழரை மணிக்கு மேல் அவர் தூங்கிவிடுவார். கடைசி வரிசையில் ஒரு மலை. அந்த வருஷம்தான் வேறு காலேஜிலிருந்து வந்த, முன்வரிசையில் முட்டி மோதுகிற லைன்மேன், மாஸ்டர்ஸ் சேர்ந்து பாக்கி ஒரு சீசன் ஆடுகிறவன். மேஜையோடு ஒட்டிய நாற்காலிக்குள் அவன் நுழைய முடியாது, அதனால் தனியாக ஒரு மேஜை இழுத்துப் போட்டிருந்தார்கள். பிராக்டிஸ் முடித்து நேராக வருவான். முழங்காலில் ஐஸ் பையை வைத்து, சமையலறையில் சோறு மூடுவோமே அந்த மாதிரி பிளாஸ்டிக் தாளால் சுற்றியிருப்பார்கள். வகுப்பு முடியும்போது அவன் காலடியில் சின்னதாக ஒரு குளம் இருக்கும். அதை அவனே பேப்பர் டவல் கொண்டுவந்து துடைத்துவிட்டுத்தான் போவான். ஆரம்ப வாரங்களில், கையில் அட்டையோடு ஒரு பெண் வாசலில் எட்டிப் பார்த்து, இவன் உட்கார்ந்திருக்கிறானா என்று டிக் அடித்துவிட்டுப் போவாள். விளையாட்டுத் துறை அனுப்புகிற ஆள். மாஸ்டர்ஸ் மாணவனுக்கு வருகைப்பதிவு எடுக்க ஆள் அனுப்புவதைப் பார்த்து அந்தத் துணைத் தலைமை ஆசிரியர் மட்டும் புன்னகைப்பார், தூங்காத நேரத்தில்.

ஹோம்வொர்க் எப்படி இருந்தது? சுமார். முதல் இரண்டில் 10க்கு 5, 6. அதைவிடக் கேவலமாக இரண்டு ஆசிரியர்கள் எழுதியிருந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். மூன்றாவது வாரம் என் மேஜைக்கு வந்து நின்றான். திட்ட விலக்கக் கணக்கில் ஏன் n-ஆல் வகுக்காமல் n-1 ஆல் வகுக்கிறோம் என்று கேட்டான். நான் எல்லோருக்கும் சொல்கிற மாதிரி, சராசரியை இந்த எண்களிலிருந்தே எடுத்துவிட்டதால் ஒரு எண்ணின் சுதந்திரம் போய்விடுகிறது, அஞ்சு எண் இருந்தால் நாலைச் சொன்னாலே அஞ்சாவது தானாகத் தெரிந்துவிடும் என்று இழுத்தேன். கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம், "ஓ, நம்ம கணக்கு மாதிரி. அஞ்சு வருஷம் காலேஜில் இருக்கலாம், ஆனால் நாலு சீசன்தான் எண்ணிக்கை" என்றான். நான் வாயடைத்துப் போனேன். கணிதப்படி அது சரியான ஒப்புமை கிடையாது, ஆனாலும் அதற்கப்புறம் நாலு செமஸ்டர் இதை நான் என் உதாரணமாகச் சொல்லி வகுப்பில் பெயர் வாங்கினேன். அவனுக்கு நன்றி சொல்லவில்லை.

நவம்பர் கடைசியில் சீசன் முடிந்தது. டிசம்பர் முதல் வாரம், ஹோம்வொர்க் 6ல் அரை மார்க் குறைத்துவிட்டேன் என்று காட்ட வந்தான். அவன் சொன்னது சரிதான், என் தவறு, திருத்திக் கொடுத்தேன். ஜனவரியில் அடுத்த பாடத்துக்கு வந்த மாணவர் பட்டியலில் அவன் பெயர் இல்லை. தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். ஆட்கள் வந்து ஓடவிட்டுப் பார்க்கிற புரோ டே மார்ச்சில், அதற்குப் பயிற்சி எடுக்க வேறு மாநிலம் போய்விட்டான் என்று கேள்விப்பட்டேன். அந்த மாஸ்டர்ஸுக்கு 30க்கு மேல் கிரெடிட் வேண்டும், அவன் முடித்தது ஒரு செமஸ்டர், 9 கிரெடிட்.

எனக்குக் கோபம் வந்தது இந்த இடத்தில்தான். அவன் மேல் இல்லை. அவனைச் சேர்த்துக்கொண்ட அன்றைக்கே இரண்டு வருஷப் படிப்பில் அவன் நாலு மாதம்தான் இருப்பான் என்று கோச்சுக்குத் தெரியும், விளையாட்டுத் துறைக்குத் தெரியும், சேர்க்கைக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டவருக்கும் தெரிந்திருக்கும். படிக்கத் தகுதி இருக்கிறதா என்று மார்க் சராசரியைப் பார்த்தார்கள், படித்து முடிப்பானா என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. சீட் வாங்கத் தகுதி உண்டா என்பதுதானே அண்ணாச்சியின் கேள்வி, அதில் அவன் பாஸ்.

முடிப்பானா என்று கேட்ட ஒரே கூட்டம், ஆச்சரியமாக, எஸ்.இ.சி. அலபாமா, ஃப்ளோரிடா, லூசியானாவின் எல்.எஸ்.யூ. எல்லாம் இருக்கிற, ஃபுட்பாலே மதமாக இருக்கிற தெற்கத்தி லீக். அவர்கள் ஒரு விதி வைத்திருந்தார்கள்: கிராஜுவேட் டிரான்ஸ்ஃபராக, அதாவது பட்டம் வாங்கியபின் டீம் மாறி வருகிறவனாக, நீ எடுத்த ஆள் படிப்பில் சொன்னதைச் செய்யவில்லை என்றால், மூன்று வருஷத்துக்கு நீ அப்படி இன்னொருத்தரை எடுக்க முடியாது. தண்டனை பையனுக்கு இல்லை, பல்கலைக்கு. எனக்குத் தெரிந்து இந்த விவகாரத்தில் போட்டதிலேயே ஒழுங்கான விதி இதுதான். ஃப்ளோரிடா 2015ல் எடுத்த இரண்டு பேர் படிப்பு நிபந்தனையை நிறைவேற்றாததால் ஃப்ளோரிடா இதில் மாட்டியது.

2017ல் நோட்ர டேமிலிருந்து மலிக் ஸையர் என்கிற குவார்ட்டர்பேக் வெளியே வந்தார். ஃப்ளோரிடாவுக்கு அவர் வேண்டும். தடை நிற்கிறது. ஜூன் முதல் வாரம் எஸ்.இ.சி. பெரியவர்கள் வருஷா வருஷம் கூடுகிற டெஸ்டின் கடற்கரையில் கூடினார்கள், மூன்று வருஷத்தை ஒரு வருஷம் ஆக்கினார்கள். ஸையர் ஃப்ளோரிடா போனார். பலன் என்ன என்று கேட்டால், முதல் மேட்சில் மிஷிகனிடம் 33-17 தோல்வி, சீசன் முடியும் முன்பே கோச் போய்விட்டார், மொத்தம் 4 வெற்றி, 7 தோல்வி. இதற்காகவா ஒரு நல்ல விதியை வளைத்தீர்கள் என்று நான் அன்றைக்கே டிவியைப் பார்த்துக் கேட்டேன், பக்கத்து ரூம்காரன் சாட்சி.

இரண்டு வருஷம் கழித்து என்.சி.ஏ.ஏ.வே நாடு முழுக்க அந்த மாதிரி ஒன்றைக் கொண்டுவரப் பார்த்தது. கிராஜுவேட் டிரான்ஸ்ஃபருக்கு ஸ்காலர்ஷிப் கொடுத்தால், அவன் ஒரு சீசனில் ஓடிப்போனாலும் அந்த மாஸ்டர்ஸ் எத்தனை வருஷமோ அத்தனை வருஷம் அந்த ஸ்காலர்ஷிப் உன் கணக்கில் எழுதப்படும், நடுவில் பட்டம் வாங்கினால் கணக்குத் தீரும். அதாவது இரண்டு வருஷப் படிப்பில் சேர்த்துவிட்டு நாலு மாதம் ஆடவைத்தால் அடுத்த வருஷம் ஒரு இடம் உனக்கு நஷ்டம். 2019 ஏப்ரலில் அது வோட்டில் தோற்றது. பையன்களின் சுதந்திரத்தைப் பறிக்கிறது என்று ஒரு காரணம் சொன்னார்கள். அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு, ஏனென்றால் அப்படி ஒரு விதி வந்தால் சின்ன டீம்களிலிருந்து வருகிற சுமாரான ஆட்டக்காரனை யாரும் எடுக்க மாட்டார்கள்.

இதற்கு நேர் எதிரான கூத்து ஸ்டான்ஃபோர்டில். அங்கே நாலு வருஷம் படித்து, ஆடி, பட்டம் வாங்கிய பையன் அஞ்சாவது வருஷமும் அதே டீமில் ஆட ஆசைப்பட்டால், அங்கே ஒரு மேற்படிப்பில் இடம் வாங்கியாக வேண்டும். கோச் போய்ச் சிபாரிசு செய்து நடக்கிற இடம் இல்லை அது. அதனால், தாங்கள் நாலு வருஷம் ஆடிய மைதானத்தை விட்டுவிட்டு, கடைசி சீசனுக்கு மூட்டை கட்டிக்கொண்டு வேறு மாநிலம் போனவர்கள் வரிசையாக இருக்கிறார்கள். ஹார்வர்ட், யேல் இருக்கிற ஐவி லீக்கில் இன்னும் கறார், பட்டம் வாங்கிவிட்டால் ஆடவே கூடாது. கோவிட்டால் சீசன் ரத்தான பையன்களுக்காக 2021ல் ஒரே ஒரு தடவை தளர்த்தினார்கள், அவ்வளவுதான். ஐவியில் பட்டமும் வாங்கி ஒரு சீசனும் மிச்சம் வைத்திருக்கிறவன் எங்கே போவான்? இதே கிராஜுவேட் டிரான்ஸ்ஃபர் வழியில்தான். பிரின்ஸ்டன் பட்டக்காரன் ஒரு தெற்கத்தி மாநிலப் பல்கலையில் மாஸ்டர்ஸ் சேர்ந்தால் அங்கே யார் தரம் யாரால் குறைகிறது என்று அண்ணாச்சியிடம் கேட்டேன். முறுக்கு சாப்பிட்டார்.

வேடிக்கையான கதை ஒன்று, விட மனசில்லை. வெர்னன் ஆடம்ஸ், ஈஸ்டர்ன் வாஷிங்டன் என்கிற கீழ்ப்பிரிவு டீமின் நட்சத்திரம். 2015ல் ஆரிகன் அழைத்தது. போக வேண்டுமென்றால் பட்டம் முடித்திருக்க வேண்டும், முடிக்க ஒரு கணக்குப் பாடம் பாக்கி. ஆகஸ்டில் ஆரிகன் டீம் பயிற்சியை ஆரம்பித்துவிட்டது, இவர் இன்னும் பழைய காலேஜில் கணக்குப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறார். பாஸ் ஆனாரா ஆனாரா என்று ஒரு மாநிலமே நகம் கடித்துக்கொண்டு காத்திருந்தது. நம் ஊரில் அரியர் பேப்பர் ரிசல்ட்டுக்கு வீட்டில் காத்திருப்பார்களே, அதை ஐம்பதாயிரம் பேர் சேர்ந்து செய்தால் எப்படி இருக்கும்! பாஸ். ஓடிப்போய்ச் சேர்ந்தார். சீசனின் முதல் மேட்ச் யாரோடு தெரியுமா, ஈஸ்டர்ன் வாஷிங்டனோடு. ஆரிகன் 61-42.

படித்தும் முடித்தவர்கள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். வருஷத்தின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்குக் கொடுக்கிற ஹைஸ்மன் விருதில், 2019 சீசனில், முதல் இரண்டு இடமும் கிராஜுவேட் டிரான்ஸ்ஃபர்களுக்குத்தான் போனது. ஒஹாயோ ஸ்டேட்டில் மூன்று வருஷத்தில் பட்டம் முடித்து எல்.எஸ்.யூ. போன ஜோ பரோ, 60 டச்டவுன் பாஸ் போட்டு, 15 மேட்சிலும் ஜெயிக்கவைத்து டீமை சாம்பியன் ஆக்கினார். இரண்டாவது ஜேலன் ஹர்ட்ஸ், அலபாமாவில் பட்டம் முடித்து ஓக்லஹோமா போனவர். டிசம்பர் 28 அன்று இரண்டு பேரும் நேருக்கு நேர், 63-28, பரோவுக்கு. அத்தோடு ஹர்ட்ஸ் என்.எஃப்.எல். போய்விட்டார், மாஸ்டர்ஸ் அந்தரத்தில். சரி, என் வகுப்புப் பையன் மாதிரி என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். ஆனால் அவர் விடவில்லை. 2023 பிப்ரவரியில் என்.எஃப்.எல். இறுதியாட்டமான சூப்பர் பௌல் ஆடித் தோற்றார், மே மாதம் ஓக்லஹோமாவில் அங்கி போட்டுக்கொண்டு போய் மனித உறவுகள் என்கிற பாடத்தில் மாஸ்டர்ஸ் பட்டம் வாங்கிக்கொண்டார். கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவருக்கு அந்தத் தாள் எதற்கு? அதனால்தான் எனக்கு அவரைப் பிடிக்கும்.

இப்போது இதெல்லாம் பழங்கதை ஆகிக்கொண்டிருக்கிறது. 2018 அக்டோபரில், டீம் மாற விரும்புகிறவர்கள் பெயர் கொடுக்கிற டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்தது, 2021ல் எல்லோருக்கும் ஒரு தடவை உட்காராமல் மாறலாம் என்றார்கள், அதே வருஷம் ஜூலையில் பெயரையும் படத்தையும் விற்றுப் பணம் பண்ணலாம் என்றார்கள், 2024ல் படிப்பில் ஒழுங்காக இருந்தால் எத்தனை தடவை வேண்டுமானாலும் மாறலாம் என்று ஆகிவிட்டது. பட்டம் வாங்கியவனுக்கு மட்டும் இருந்த சலுகை எல்லோருக்கும் பொதுவாகிவிட்டது. 2020 சீசனைக் கணக்கில் எடுக்காததால் ஆறாவது வருஷம், ஏழாவது வருஷம் என்று பையன்கள் ஆடினார்கள், சில டீம்களில் நிறையப் பேர் மாஸ்டர்ஸ் மாணவர்கள். நோட்ர டேம் மாதிரி இடங்களில் வெளியிலிருந்து இளங்கலைக்குள் நுழைவது கடினம், பழைய கிரெடிட்டை அவ்வளவு சுலபமாக ஏற்கமாட்டார்கள், அதனால் அங்கே இன்றைக்கும் பட்டம் வாங்கிய குவார்ட்டர்பேக் என்றால் கொண்டாட்டம். 2021ல் ஜாக் கோன், 2023ல் சாம் ஹார்ட்மன். மற்ற இடங்களில் எந்தப் பாடத்தில் சேர்ந்தான் என்று கேட்பாரே இல்லை. இப்போதெல்லாம் கேள்வி எவ்வளவு வாங்கினான் என்பதுதான், மார்க் இல்லை, டாலர்.

இவ்வளவையும் அண்ணாச்சியிடம் துண்டு துண்டாகச் சொல்லி முடிக்கும்போது நாலாவது குவார்ட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அவர் பதில் ஒன்றும் சொல்லவில்லை. தட்டு காலியான பிறகு, "அது கெடக்கட்டும், அந்த ஐஸ் கட்டிப் பய கடைசியில என்ன கிரேடுல வாங்கினான்?" என்றார்.

மாணவர் கிரேடை வெளியே சொல்லக் கூடாது அண்ணாச்சி, இங்கே அதற்குச் சட்டம் இருக்கிறது என்றேன்.

"சும்மா சொல்லுல."

உங்களுக்கு அந்தப் பாடத்தில் என்ன வந்தது அண்ணாச்சி என்று கேட்டேன். டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டார்.